கூண்டில் நிற்காதவன்

மெல்போர்னில் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் அழைத்துப்போவதற்கென்று ஒரு வரிசை உண்டு. கடலோரச் சாலை, பெங்குவின், கங்காரு, கடைசி நாளில் ரஸல் தெரு. முதல் மூன்றும் மனைவியின் பொறுப்பு, ரஸல் தெரு என் பொறுப்பு. அந்தத் தெருவும் லட்ரோப் தெருவும் சந்திக்கும் முனையில் பழைய மாஜிஸ்திரேட் கோர்ட், அதற்கு அடுத்து லாக்கப், அதை ஒட்டிப் பழைய சிறை, எதிர்ச்சாரியில் போலீஸ் தலைமையகமாக இருந்த உயரமான கட்டடம். ஒருவனைப் பிடிக்க, அடைக்க, விசாரிக்க, தூக்கில் போட வேண்டிய ஏற்பாடுகள் அத்தனையும் ஐந்து நிமிட நடைக்குள் அடங்கிவிடும். இன்றைக்கு இவற்றில் எதுவும் அந்த வேலையில் இல்லை. கோர்ட் ஒரு பல்கலைக்கழகத்தின் கைக்குப் போய்விட்டது, சிறையும் லாக்கப்பும் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடங்கள், தலைமையகத்தில் ஜனங்கள் வீடு வாங்கிக் குடியிருக்கிறார்கள்.

என் கைவரிசை கோர்ட்டுக்குள்தான். பார்வையாளர்களை உள்ளே விடும் நாளாகப் பார்த்து அழைத்துப்போய், குற்றவாளிக் கூண்டின் அருகில் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நெட் கெல்லி இங்கேதான் நின்றான்" என்பேன். கலப்பை இரும்பை வளைத்துக் கவசம் செய்து மாட்டிக்கொண்டு போலீசோடு மோதியவன், பாதி நாட்டுக்கு வீரன், மீதி நாட்டுக்கு மூன்று போலீஸ்காரர்களைக் கொன்ற கும்பலின் தலைவன். கதையைச் சொல்லி முடித்ததும் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறிப் படம் எடுத்துக்கொள்வார்கள். பதினோரு வருடத்தில் பத்துப் பதினைந்து குடும்பங்களாவது அப்படி ஏறி இறங்கியிருக்கும். கூண்டின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட சித்தப்பா ஒருவரும் அதில் அடக்கம்.

போன வருடம் என் மாமனார் வந்தார். அன்றோடு என் கதாகாலட்சேபம் முடிந்தது.

தேதியைப் பாருங்கள்

மாமா தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு குற்றவியல் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து, சிரஸ்தாராக ஓய்வு பெற்றவர். மொத்தம் 34 வருட சர்வீஸ். எந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாலும், அது பேரனின் பள்ளிக்கூட அறிக்கையானாலும் சரி, சூப்பர் மார்க்கெட் பில்லானாலும் சரி, முதலில் தேதியைப் பார்ப்பார், பிறகு முத்திரையைப் பார்ப்பார், அப்புறம்தான் விஷயத்துக்கு வருவார். "விஷயம் எல்லாக் காகிதத்திலும் நன்றாகத்தான் இருக்கும் மாப்பிள்ளை" என்பார்.

கோர்ட் ஹாலுக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் மேற்கூரையையும் மரவேலைப்பாட்டையும் பார்ப்பார்கள். மாமா நேராக நீதிபதியின் மேடைக்குக் கீழே போய், எழுத்தர் உட்காரும் இடம் இதுதான் என்று எவரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார். அங்கிருந்து சாட்சிக் கூண்டு தெரிகிறதா, குற்றவாளியின் முகம் தெரிகிறதா, கதவைத் திறந்தால் காற்றுக்குக் காகிதம் பறக்குமா என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் வழக்கம்போல் கூண்டின் பக்கம் கையைக் காட்டி, ஏறி நில்லுங்கள், படம் எடுக்கிறேன் என்றேன். "அங்கே வேண்டாம் மாப்பிள்ளை. விளையாட்டுக்குக்கூட வேண்டாம்." சரி என்று என் வசனத்தை ஆரம்பித்தேன். இங்கேதான் நின்றான், 1880 அக்டோபரில்.

"கட்டடம் எந்த வருடத்தது?"

எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடமாக வந்துபோகும் கட்டடம். செல்பேசியில் தேடினேன். 1914.

மாமா சிரிக்கவில்லை, கிண்டல் செய்யவில்லை. மனுவில் ஓட்டை கண்டுபிடித்த எழுத்தரின் குரலில், "அப்படியானால் அவன் எந்தக் கூண்டில் நின்றான்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த இடத்தில் எவரும் எதையும் மறைக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். விசாரணை நடந்தது இதே நிலத்தில் இருந்த முந்தைய கட்டடத்தில் என்பது ஊரறிந்த செய்தி. காதில் வாங்காதது நான். அந்த மனையில் 1840களில் எழுந்த சுப்ரீம் கோர்ட் ஒன்று இருந்தது. பல்லாரட் தங்கச் சுரங்கத்தில் நடந்த யுரேகா கலகத்துக்காக ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரை 1855-இல் அங்கேதான் நிறுத்தினார்கள். முதலில் நின்றவர் ஜான் ஜோசப், கறுப்பின அமெரிக்கர். ஜூரிகள் விடுவித்ததும் கூட்டம் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போனது. மற்றவர்களையும் எந்த ஜூரியும் தண்டிக்கவில்லை. 25 வருடம் கழித்து அதே இடத்தில் நீதிபதி ரெட்மண்ட் பாரி கெல்லிக்குத் தூக்குத்தண்டனை விதித்தார். கடவுள் உன் ஆத்மாவுக்கு இரக்கம் காட்டட்டும் என்று அவர் முடிக்க, போகுமிடத்தில் உங்களைச் சந்திக்கிறேன் என்கிற பொருளில் கெல்லி பதில் சொன்னான். நவம்பர் 11 அன்று பக்கத்துச் சிறையில் அவனைத் தூக்கிலிட்டார்கள். அவன் தாய் எலன் அப்போது அதே சிறையில் கைதி, அவளுக்கும் தண்டனை கொடுத்தவர் பாரியே. 12 நாள் கழித்துப் பாரியும் இறந்துபோனார். கதை சொல்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அந்தச் சுவர்களைப் பின்னாளில் இடித்துவிட்டார்கள். என் சித்தப்பா கண்ணில் ஒற்றிக்கொண்ட கூண்டு இருக்கும் ஹால், கெல்லி செத்து 34 வருடத்துக்குப் பின் திறக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எனக்காக நானே வாதாடினேன். மண் அதே மண்தானே? நம் ஊரில் கோயிலைப் பிரித்துத் திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துகிறோம், சாமி அதே சாமி என்றுதானே கும்பிடுகிறோம்? "மூலவரை அசைக்காமல் திருப்பணி செய்கிறார்கள். உங்கள் கோர்ட்டில் மூலவரே கிடையாதே" என்றாள் அவள். அப்பாவின் மகள்.

ஐந்து நிமிடம்

கோர்ட்டிலிருந்து அன்று லாக்கப்புக்குப் போனோம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கட்டி, 1994 வரை ஆளை அடைத்துவைத்த இடம். என் மனம் இன்னும் 1914-இலேயே மாட்டிக்கொண்டிருந்தது. அங்கே பார்வையாளர்களைக் 'கைது' செய்து காட்டுவார்கள். சீருடையில் ஒரு பெண் சார்ஜெண்ட் வருவார், நடிகைதான். ஆளுக்கொரு அட்டை கிடைக்கும், அதில் ஒரு பெயரும் குற்றமும் இருக்கும். மாமாவின் அட்டை குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததாகச் சொன்னது. வாழ்நாளில் பானகத்தைத் தாண்டி எதையும் குடித்திராத மனிதர். எனக்கு வந்தது திருட்டு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், சுவரோடு நில், பேசாதே, காலணியின் அடியைக் காட்டு என்று அந்த அம்மாள் போட்ட அதட்டலில் எங்களோடு வந்திருந்த கல்லூரிப் பையன்கள் களுக்கென்று சிரித்தார்கள். அதற்குத்தானே காசு கொடுத்திருக்கிறது.

மாமாவுக்கு ஆஸ்திரேலிய உச்சரிப்பு பாதிக்கு மேல் பிடிபடாது. ஆனாலும் முதல் அதட்டலுக்கே குதிகாலைச் சேர்த்து, அட்டையை மார்போடு பிடித்து, நேராக நின்றுவிட்டார். வரிசையில் அப்படி நின்றவர் அவர் ஒருவர்தான். நான் பக்கவாட்டில் பார்த்தேன். சட்டைக் காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு எங்களை ஒரு கொட்டடிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார்கள். சுவரில் யார் யாரோ கீறிவைத்த எழுத்துகளை அதற்கு முந்திய நொடியில்தான் பார்த்திருந்தேன், இப்போது ஒன்றும் தெரியவில்லை. கண் பழகட்டும் என்று காத்திருந்தால் பழகுவதற்கு ஏதுவான வெளிச்சம் எங்கேயும் இல்லை. பையன்களில் ஒருவன் பேய்க்குரல் கொடுத்தான், இன்னொருவன் சிரித்தான். பிறகு அவர்களும் அடங்கிவிட்டார்கள். குளிர்ந்த சிமெண்டு வாடை. யாரோ ஒருவரின் மூக்கு மூச்சு. இதற்குள் என் மணிக்கட்டை ஒரு கை பிடித்திருந்தது. பிடித்தது மாமா என்று தெரிவதற்கு எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது, ஏனென்றால் எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைத் தொட்டதில்லை.

கதவு திறந்தது. படம் எடுக்கும் இடத்துக்கு எல்லோரும் ஓடினார்கள். மாமா வெளி முற்றத்தில் நின்று தலைக்கு மேலே இருந்த கம்பிவலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ஐந்து நிமிடம் இருக்கும் மாமா. அவ்வளவுகூட இருக்காது."

கொஞ்சம் நடந்த பிறகு பேசினார். "எங்கள் மேசையில் ஒரு ரப்பர் முத்திரை உண்டு. காவல் நீட்டிக்கப்பட்டது என்று. தேதியை மட்டும் கையால் எழுத வேண்டும். பதினைந்து நாளைக்குப் பதினைந்து நாள். வரிசையாக நிற்பார்கள், பெயர் கூப்பிடுவோம், ஐயா தலையை அசைப்பார், நான் முத்திரை குத்துவேன். ஒரு ஆளுக்கு அரை நிமிடம் ஆகாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முப்பது நாற்பது பேரை முடித்துவிடுவோம்." பிறகு, "அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும். தெரியும் என்றால், கேள்விப்பட்டிருக்கிறேன்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அது உங்கள் தவறு இல்லையே, நீங்கள் முத்திரைதானே குத்தினீர்கள் என்ற மாதிரி. நல்லவேளையாகச் சொல்லவில்லை.

அன்றிரவும் அதற்கடுத்த வாரங்களிலும் என்னை உறுத்தியது இதுதான். உண்மை என்று நம்பி நான் ஊரையே ஏற்றி இறக்கிய ஹாலில் கெல்லியின் நிழல்கூட விழுந்ததில்லை. விளையாட்டென்று நினைத்து நுழைந்த கொட்டடியோ அசல். அந்தக் கதவு, அந்தச் சுவர், அந்த இருட்டு, எல்லாம் 80 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவை. குடித்துவிட்டு விழுந்தவன், பாக்கெட் அடித்தவன், போக இடமில்லாதவன் எல்லோரும் ஓர் இரவு கிடந்து, காலையில் பக்கத்துக் கோர்ட்டில் நின்று, அபராதம் கட்டி அல்லது கட்ட முடியாமல் போனவர்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. கூண்டில் அவர்கள் நிஜமாகவே நின்றார்கள். அதே கூண்டில். அதை நான் ஒரு விருந்தினரிடமும் சொன்னதில்லை.

சிறையில் மாமா அதிக நேரம் நின்றது கெல்லியின் முகவார்ப்புக்கு முன்னால் இல்லை. இந்த ஊரார் புளூஸ்டோன் என்று சொல்லும் கரிய எரிமலைக்கல்லால் கட்டிய மூன்றடுக்குக் கட்டடம் அது. மேலே தூக்குமரத்தின் உத்தரம் இன்னும் இருக்கிறது. அங்கே 1922-இல் தூக்கிலிடப்பட்ட காலின் ராஸின் கதையை நான் சொல்லச் சொல்ல, மாமா நிறுத்தி மறுபடி கேட்டார். 12 வயதுச் சிறுமியைக் கொன்றதாக வழக்கு. அவன் வீட்டுப் போர்வையில் கிடைத்த தலைமுடி அவளுடையது என்று அரசு நிபுணர் சொன்னது முக்கியத் தடயம். கடைசிவரை நான் செய்யவில்லை என்றான். அந்த முடிகள் எப்படியோ பத்திரமாக இருந்தன. 1990களில் மறுபடி பரிசோதித்தபோது அவை அந்தச் சிறுமியின் முடியோடு பொருந்தவில்லை. 2008-இல் அவனுக்கு மன்னிப்பு வழங்கினார்கள், செத்து 86 வருடம் கழித்து. மாமாவுக்கு ஆச்சரியம் மன்னிப்பில் இல்லை. "சான்றுப்பொருளை அத்தனை வருடம் அழிக்காமல் வைத்திருந்தானே ஒரு கிளார்க், அவனைச் சொல்லுங்கள்" என்றார்.

எதிர்ச்சாரி

வெளியே வந்து காபி வாங்கிக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்தோம். எதிரே முன்னாள் போலீஸ் தலைமையகம், படிப்படியாக ஒடுங்கி மேலே போகும் வெளிர்நிறக் கோபுரம். அரசுத் தலைமைக் கட்டடக் கலைஞர் பெர்சி எவரெட் வரைந்தது, 1943-இல் முடிந்தது. 60களில் வந்த துப்பறியும் தொலைக்காட்சித் தொடரின் தொடக்கத்தில் அந்தக் கட்டடத்தைக் காட்டிக் காட்டி, ஆஸ்திரேலியர்களுக்குப் போலீஸ் என்றால் அந்த முகப்புதான் என்று ஆகிவிட்டது. 90களில் போலீஸ் காலி செய்தது. இப்போது பால்கனியில் துணி காய்கிறது, பக்கத்தில் ஒரு துளசிச் செடிகூட இருந்தது, அல்லது துளசி மாதிரி ஏதோ ஒன்று.

"இங்கே ஏதாவது நடந்ததா?" என்று கேட்டார் மாமா. அவர் அப்படிக் கேட்கும்போது தேதியோடு சொல்ல வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும்.

1986 மார்ச் 27, பெரிய வியாழன், மதியம் 1 மணிவாக்கில். தலைமையகத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த திருட்டுக் காரில் வெடிமருந்து நிரப்பிவைத்திருந்தார்கள். போலீஸ்மேல் வன்மம் கொண்ட ஒரு கொள்ளைக் கும்பலின் வேலை. சாப்பாட்டு வேளை. கான்ஸ்டபிள் ஆஞ்சலா டெய்லர் தெருவைக் கடந்துகொண்டிருந்தாள், 21 வயது. வெடித்தபோது 20 பேருக்கு மேல் காயம்பட்டார்கள், அவர்களில் ஒருவர் கோர்ட்டின் மாஜிஸ்திரேட். ஆஞ்சலா தீக்காயங்களோடு 24 நாள் போராடி ஏப்ரல் 20 அன்று இறந்தாள். பணியில் இருக்கும்போது கொல்லப்பட்ட முதல் ஆஸ்திரேலியப் பெண் போலீஸ் அவள். நான் நூறு தடவை கடந்திருக்கிற அதே தார்ச்சாலை. கெல்லிக்காக எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கடந்திருக்கிறேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை மாமாவை மறுபடி அங்கே அழைத்துப்போனேன், அவர் கேட்டுக்கொண்டதால். இந்த முறை கோர்ட்டுக்கும் சிறைக்கும் போகவில்லை. சிறையின் பின்புறமாக நடந்து விக்டோரியா தெரு, பிராங்க்ளின் தெரு முனைக்குப் போனோம். இந்த ஊரின் முதல் தூக்கு 1842 ஜனவரி 20 அன்று அந்தப் பக்கத்தில்தான் நடந்தது. சிறை அப்போது பாதி எழும்பியிருந்தது. டன்னர்மின்னர்வெயிட், மால்பாய்ஹீனர் என்ற இரண்டு டாஸ்மேனியப் பூர்வகுடி ஆண்கள். தெற்குக் கடற்கரையில் இரண்டு திமிங்கில வேட்டைக்காரர்களைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. தங்கள் வழக்கில் தாங்களே சாட்சி சொல்லச் சட்டம் அவர்களுக்கு இடம் தரவில்லை. ஜூரிகள் கருணை காட்டச் சொல்லிப் பரிந்துரைத்தார்கள், கேட்கப்படவில்லை. கூட நிறுத்தப்பட்ட மூன்று பெண்கள் தப்பித்தார்கள், அவர்களில் ஒருவர் பின்னாளில் டாஸ்மேனியப் பூர்வகுடிகளில் பெயர்பெற்ற ட்ருகனினி. தூக்கைப் பார்க்க ஊர் திருவிழாபோல் திரண்டது.

அவர்களுக்காக வாதாடிய வக்கீல் யார் தெரியுமா என்று மாமாவைக் கேட்டேன். ரெட்மண்ட் பாரி. இந்த மனிதர்கள்மேல் நம் சட்டத்துக்கு என்ன அதிகாரம் என்று கோர்ட்டிலேயே கேள்வி எழுப்பிய இளம் வக்கீல், தோற்றுப்போனவர். பிற்பாடு நீதிபதியாகி, நூலகம் கட்டி, பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தராகி, கெல்லியைத் தூக்குக்கு அனுப்பி, இப்போது மாநில நூலகத்தின் வாசலில் சிலையாக நிற்கிறார். உள்ளே கெல்லியின் கவசம் இருக்கிறது. இந்த வக்கீல் பாரியை நான் முன்பு எவருக்கும் சொன்னதில்லை, எனக்கே அந்த வாரம்தான் தெரியும்.

2016-இல் வைத்த நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. தூக்குமரத்தை நினைவூட்டும் ஊஞ்சல், பக்கத்தில் பளிச்சென்ற நிறங்களில் நாளிதழ்ப் பெட்டிகள். மாமா பெட்டிகளில் இருந்ததை முழுவதும் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். அவர்களை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டார். நான் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னேன். விக்டோரியா மார்க்கெட் இருக்கும் இடத்தில், பழைய இடுகாட்டு ஓரத்தில். சனிக்கிழமை தவறாமல் நாங்கள் மீன் வாங்கும் மார்க்கெட். அன்றைக்கும் பை கையில் இருந்தது. மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்தோம், மனைவி ஏன் என்று கேட்டதற்குக் கூட்டம் அதிகம் என்று மாமா சொன்னார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

மாமா ஊருக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் புத்தக அலமாரியைத் துடைக்கும்போது ஒரு பஞ்சாங்கத்துக்குள்ளிருந்து அந்த லாக்கப் அட்டை விழுந்தது. திருப்பிக் கொடுக்க மறந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். 34 வருட சர்வீஸில் ஒரு குண்டூசியைக்கூட கோர்ட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவராதவர். பின்பக்கத்தில் பென்சிலால், சாய்வில்லாத அந்தக் கச்சேரி எழுத்தில் எழுதியிருந்தார்: "சம்பவம் 1880. கட்டடம் 1914. பொருந்தவில்லை. மனு திருப்பப்படுகிறது." அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, "கொட்டடி: 5 நிமிடம்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டிருந்தார்.